அக்காவுக்கு, அந்த அஞ்சு டாலர் விஷயமாக

அக்கா,

பெரியவன் கல்யாணத்தில் நீ மைக்கைப் பிடித்து அந்தக் கதையை ஆரம்பித்ததும் நான் பந்திப் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிட்டேன். "என் தம்பி சிட்டிசன் ஆகி போட்ட முதல் ஓட்டே எங்க கோசைக்குத்தான்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். கோசை என்பது ஆளா ஊரா, இல்லை ஒஹாயோவின் டொலிடோவில் இருந்த அறிவியல் மியூசியமா என்றுகூடப் பெண் வீட்டாருக்குத் தெரியாது, அவர்களும் தட்டினார்கள். பதினேழு வருஷத்துக்கு மேலாக இந்தக் கதையைச் சொல்கிறாய். சொல்லும்போதெல்லாம் நானும் தலையை ஆட்டியிருக்கிறேன்.

நான் எதிர்த்துத்தான் போட்டேன், அக்கா.

போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். நீ இடையில் புகுந்து உன் மூட்டு வலிக்குப் போய்விட்டாய். அதனால் இங்கே எழுதுகிறேன். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் நம் சொந்தம், மீதிப் பேர் டொலிடோவில் நம்மைத் தெரிந்தவர்கள். அது நினைவில் இருப்பதால் சில இடங்களைத் தொட்டும் தொடாமலும் தாண்டுவேன். என்னை வீட்டுக்கு அனுப்பிய கம்பெனியின் பெயர் இதில் வராது. அத்தானைப் பற்றியும் எதுவும் எழுதப் போவதில்லை. (அத்தான், நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். வணக்கம்.)

கோசைக்காக வீட்டு வரியைக் கூட்டலாமா என்று ஊரைக் கேட்டு, 2006 நவம்பரில் அந்த வரி முதல் தடவை தோற்றபோது எனக்கு ஓட்டு கிடையாது. அந்தப் பழி என்மேல் இல்லை. 2007-ல் இருந்தது. அந்த வசந்தத்தில்தான் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தேன். நீ கேசரி செய்து எடுத்து வந்தாய். செப்டம்பரில் வேலை போனது. நவம்பரில் அதே வரிக்கு மறுபடியும் ஓட்டு. இந்த வரிசையில் நடந்தவை இவை.

ஓட்டுக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் சமையலறையில் உட்கார்ந்து எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாய். லட்சம் டாலர் வீடு என்றால் ஒஹாயோவில் அதில் 35 சதவீதத்துக்குத்தான் வரி, அதாவது 35,000. ஆயிரத்துக்கு ஒரு டாலர் என்பது ஒரு மில். அப்படியானால் 35 டாலர். மியூசியம் கேட்பதோ ஒரு மில்லில் ஆறில் ஒரு பங்கு. கழிவெல்லாம் போக அஞ்சு டாலர் சொச்சம், வருஷத்துக்கு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அஞ்சு டாலர்தானேடா, இதுக்கும் யோசிப்பாங்களா மனுஷங்க" என்றாய்.

அந்த 'தானே' இன்னும் என் காதில் இருக்கிறது.

மில் என்றால் எனக்கு வீட்டு வரி ஞாபகம் வராது. கோயம்புத்தூரில் அப்பாவின் மில்லில் சங்கு ஊதுவது நின்றபோது நீ கல்யாணமாகி இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சங்கு நின்றதும் எங்களுக்கு நேரமே தெரியாமல் போனது. மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொள்வதை நிறுத்திய நாளில் அம்மா என்னைத்தான் கடைக்கு அனுப்பினாள். சின்னப் பையன் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார் என்று. சொன்னார். அஞ்சு ரூபாய்க்குப் பருப்பு. நீ அனுப்பிய பணம்தான் அதற்கப்புறம் எங்களைக் காப்பாற்றியது, என் டிக்கெட்டும் நீ எடுத்ததுதான். நன்றி மறந்தவன் என்று யாரும் எழுத வேண்டாம். ஆனால் பணம் அனுப்பியவளுக்கும் அதற்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் அஞ்சு என்ற எண் ஒன்றல்ல. வேலை போய் ஏழு வாரம் ஆனவனிடம் 'தானே' என்றாய். வேலை என்ன ஆச்சு என்று அன்று நீ கேட்கவில்லை. அன்று மட்டுமா?

சரி, இதைச் சொல்லிவிட்டேன். இனி நியாயம் பேசுகிறேன், நீ சிரித்தாலும் பரவாயில்லை.

அந்தக் கட்டடத்தை ஊரில் பாதிப் பேர் ராசியில்லாத கட்டடம் என்றார்கள். மாமி ஆற்றங்கரையில் (இந்தப் பெயருக்கு நாம் சிரித்த சிரிப்பு!) 1984-ல் பெரிய ஷாப்பிங் மாலாகத் திறந்தார்கள், நகரத்தின் நடுப்பகுதிக்கு உயிர் வரும் என்று. ஆறே வருஷத்தில், 1990-ல், மூடினார்கள். பிறகு ஏழு வருஷம் சும்மா கிடந்து, 1997-ல் கோசை வந்தது. பத்து வருஷத்தில் அதுவும் பொது வரியிலிருந்து பணம் கேட்டது. சந்தேகப்பட்டவர்கள் எல்லாரும் அறிவியலின் எதிரிகள் இல்லை. 1970-ல் அந்த ஊரில் 3,83,818 பேர். 2010 கணக்கெடுப்பில் 2,87,208. நாலு வீட்டில் ஒரு வீடு காலி என்று வைத்துக்கொள். மிச்சமிருக்கிற மூன்று வீட்டுக்காரர்களிடம்தான் பள்ளிக்கூடமும் நூலகமும் மிருகக்காட்சிசாலையும் கையேந்த வேண்டும். கலை மியூசியத்துக்கு அந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. கண்ணாடி முதலாளி லிபி 1901-ல் ஆரம்பித்து, பணமும் விட்டுப் போனார். இன்றுவரை அங்கே நுழைவு இலவசம். உன் மியூசியத்துக்கு அப்படி ஒரு முதலாளி வாய்க்கவில்லை. நாங்கள்தான் வாய்த்தோம்.

இதையெல்லாம் அன்று யோசித்தா போட்டேன்? இல்லை. சர்ச் ஹாலில் மறைப்புக்குப் பின்னால் நின்றபோது எனக்கு உன் பேனாதான் ஞாபகம் வந்தது.

என் ஒரு ஓட்டால் தோற்கவில்லை. தெரியும். அது எந்த ராத்திரியும் எனக்கு உதவியதில்லை, கோசையை மூடிய அந்த டிசம்பர் 31 இருப்பதால்.

அன்று கூட்டத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பேரும் எங்கே இருந்தார்கள் நவம்பரில்? (என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.) பெரியவன் கம்பிமேல் ஓடும் சைக்கிளுக்கு வரிசையில் நின்றான். நான் உன் மேஜையைத் தேடி வந்தேன். நீ திரவ நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருந்தாய். மைனஸ் 196 டிகிரி என்று நீ சொல்லும்போது குழந்தைகள் வாயைப் பிளப்பார்களே, அன்றும் பிளந்தார்கள். வழக்கமாகப் பூ, பலூன் என்று எதையாவது முக்குவாய். அன்று கைப்பையிலிருந்து ஈரத் துணியில் சுற்றிய ஒரு கொப்பை எடுத்தாய்.

கறிவேப்பிலை. உன் தென்பக்க ஜன்னல் செடி. ரசத்துக்கு நான் ஒரு கொத்து கேட்டால் நாலு இலையை எண்ணித் தருவாயே, அந்தச் செடியில் முழுக் கொப்பை ஒடித்து வந்திருந்தாய். ஒஹாயோவின் டிசம்பரில். அது தளிர் விட இனி மே மாதம் ஆகும் என்பது அந்தக் கூட்டத்தில் உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

முக்கி எடுத்தாய். வெள்ளைப் புகை மேஜையிலிருந்து வழிந்து தரையில் ஓடியது. என்னைப் பார்த்துவிட்டாய். "இவன் என் தம்பி" என்று ஆங்கிலத்தில் அறிவித்து, பெரிய நீலக் கையுறையைப் போட்டுவிட்டு, நொறுக்கு என்றாய். நொறுக்கினேன். நன்றாகக் காய்ந்த அப்பளம் மாதிரி ஒரு சத்தம், தட்டில் பச்சைத் தூள். வாசனையே இல்லை. குழந்தைகள் குனிந்து முகர்ந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். "பொறுங்க, குளிர் இறங்கட்டும், அதுவரைக்கும் வாசனைக்கு எழுந்து வர முடியாது" என்றாய். அரை நிமிஷம், ஒரு நிமிஷம். எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் மூச்சே விட முடியவில்லை.

அப்புறம் வந்தது. அம்மா வாணலியில் தாளிக்கும் வாசனை, ஆற்றங்கரையில், அமெரிக்காவில் செத்துக்கொண்டிருந்த ஒரு கட்டடத்துக்குள். முன்பல் இல்லாத ஒரு பொடிப்பெண் "சூப்!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், பாதியில் நிறுத்தி, சுவர்ப் பக்கம் திரும்பி டீ-ஷர்ட் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். பிறகு என் பக்கம் சாய்ந்து, தமிழில், மெதுவாக:

"நீயாவது போட்டியே. அது போதும்டா."

"ஆமாக்கா" என்றேன்.

ஓட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, நீ எதிர்பார்த்தால் ஏமாந்துபோவாய். அந்த "ஆமாக்கா"வுக்கு மன்னித்துவிடு. கையில் கையுறை இருந்தது, தட்டில் உன் செடி இருந்தது, வேறு என்ன சொல்ல முடியும் என்று பல தடவை கேட்டுக்கொண்டேன். சும்மா இருந்திருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை.

அடுத்த ஜூனில் நீங்கள் ஹூஸ்டன் போய்விட்டீர்கள். அதற்குக் காரணம் இருந்தது, நல்ல காரணம்தான், அதைத் தாண்டி இங்கே எழுத மாட்டேன். ஆனால் ஒன்று. 2008 நவம்பர் 4, ஒபாமா ஜெயித்த அதே நாள், அதே ஓட்டுச் சீட்டில் மியூசியத்துக்கான வரி மூன்றாம் முறையாக வந்தது. எனக்கு அப்போதும் நிலையான வேலை இல்லை. ஜனாதிபதிக்கு யாரைக் குத்தினேன் என்பது என் சொந்த விஷயம். வரிக்கு ஆதரவாகப் போட்டேன். ஜெயித்தது. ராத்திரியே உனக்கு போன் அடித்து "பாஸ் ஆயிடுச்சு" என்று செய்தி வைத்தேன். மறுநாள் கூப்பிட்டு அழுதாய். "ரெண்டு தடவையும் நீ கூட இருந்தே" என்றாய். அதையும் விழுங்கினேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த பிறகுதான் அந்த இடம் என்னவாக இருந்தது என்று எங்கள் ஊருக்குத் தெரிந்தது, எனக்கும் அப்படித்தான். பூட்டாமலேயே உனக்குத் தெரிந்திருந்தது. உன்னிடம் எனக்கு எரிச்சலே அதுதான்.

2009 அக்டோபர் 10, இமாஜினேஷன் ஸ்டேஷன் என்று புதுப் பெயரில் திறந்தார்கள். விமான டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன், அந்த நிலைமையிலும். "பேரே மாத்திட்டாங்க, அது என் இடம் இல்ல" என்றாய். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உனக்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்தேன். அந்த ஊருக்காக வீடு வீடாகப் போய்ப் பேசிய நீ வெயிலுக்குப் போய்விட்டாய். எதிர்த்துப் போட்ட நான் பனி தள்ளிக்கொண்டு அங்கேயே இருக்கிறேன். லூகாஸ் கவுண்டிக் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை இலவசம், பெரியவர் ஒருவர் டிக்கெட் எடுத்தால் போதும். சின்னவனை எத்தனை சனிக்கிழமை கூட்டிப்போனேன் என்று கணக்கே இல்லை. கம்பிச் சைக்கிள் அங்கேயேதான் இருந்தது. அவன் பயந்தபோது, நீ பெரியவனுக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்: கனம் உனக்குக் கீழே தொங்குது, கம்பிக்கும் கீழே, அதனால கவிழ நினைச்சாலும் கவிழ முடியாது. போய்விட்டு வந்து, "அத்தை சொன்னதா?" என்று கேட்டான். அவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

2014 ஆகஸ்டில் ஏரிப் பாசி விஷமாகி, கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்றார்களே, அந்த மூன்று நாளும் தினம் மூன்று தடவை போன் செய்தாய். மூன்றாம் நாள் ராத்திரி சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "தண்ணி கேன் வாங்க காசு இருக்காடா?" என்று கேட்டாய். ஏழு வருஷம் கழித்து அந்தக் கேள்வி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இருக்குக்கா என்று வைத்துவிட்டேன்.

செடி நன்றாக இருக்கிறது. நீ போகும்போது விட்டுப் போன தொட்டியை இரண்டு தடவை மாற்றிவிட்டேன், இப்போது என் உயரம். யார் கேட்டாலும் நாலு இலைதான், எண்ணித்தான். வீட்டில் என்னைக் கஞ்சன் என்கிறார்கள்.

சின்னவனுக்கும் பேசி முடிக்கிற மாதிரி இருக்கிறது. அதிகமாக இப்போது சொல்லக்கூடாது, அவன் திட்டுவான். மைக்கை உன்னிடம் தருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடு. மூட்டு வலியைப் பற்றி முதலில் பேசிவிடலாம்.

உன் தம்பி