எங்களுக்குத் தெரியலன்னு சொன்ன ராஜாவும், கை குடுத்த உங்களுக்கும் ஒரு நன்றி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன ஞாயித்துக்கிழமை நான் செய்தி குடுத்து முடிச்சதும் நிறைய பேரு வந்து கை குடுத்து நல்லா பேசுன தம்பின்னு சொன்னீங்க, அதுல என்னோடது பாதிகூட இல்ல, அதை சொல்லாம விட்டா மனசு உறுத்தும், அதான் இந்த மடல்.

வாலிபர் சங்கத்துக்கு என்னை செயலாளர் ஆக்குன கையோட பாஸ்டர் ஐயா பைபிள்ல ஒரு வசனம் குடுத்தாரு, 2 நாளாகமம் 20:12. மோவாபியர், அம்மோனியர் எல்லாம் சேந்து யூதா தேசத்து மேல பெரிய படையா என்கேதிங்கிற ஊர் வரைக்கும் வந்தாச்சு, யூதாவோட ராஜா யோசபாத் மொத்த ஜனத்துக்கு நடுவுல நின்னுகிட்டு "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை"ன்னு ஜெபம் பண்றாரு. எனக்கு இது சுத்தமா பிடிக்கல. கைக்குழந்தை வெச்சிருக்கிற பொம்பளைங்க முன்னாடி ஒரு ராஜா இப்படியா பேசுறது, மானம் போவாதா?

அப்புறம் ஃபெஞ்சல் புயல் வந்துச்சு. 2024 நவம்பர் 30 ராத்திரி கரையை கடந்துட்டு போயிடுச்சு, அப்பாடான்னு இருந்தா, சாத்தனூர் அணையில தொறந்த தண்ணி தென்பெண்ணை ஆத்துல வந்து நம்ம கடலூர்ல நாணமேடு, உப்பலவாடி பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள பூந்துடுச்சு. நான்தான் செயலாளராச்சே! யாரையும் ஒரு வார்த்தை கேக்காம 200 சாம்பார் சாதம் சொல்லிட்டேன். எடுத்துட்டு போனா ஏற்கனவே ரெண்டு வண்டி சோறு வந்து போயிருக்கு. சாயங்காலம் ஒரு பாட்டி பொட்டலத்தை பிரிச்சு மோந்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம திருப்பி என் கையிலயே வெச்சாங்க. ஊசிப்போச்சு.

அன்னிக்கு ராத்திரி சர்ச்சுல கரண்ட் இல்ல, மெழுகுவத்தி வெச்சு 14 பேரு உக்காந்திருந்தோம். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பின்னாடியிலேர்ந்து பிளஸ் டூ படிக்கிற பாப்பா, "அண்ணா, எங்க பெரியம்மா ரெண்டு நாளா ஈரப் புடவையோட இருக்காங்க, நைட்டி, நாப்கின் எல்லாம் யாருமே கொண்டு வரல, கேக்க கூச்சப்படுறாங்க"ன்னுச்சு. எனக்கு இது தோணியே இருக்காது, சத்தியமா.

வீட்டுக்கு போறப்ப நம்ம சண்டே ஸ்கூல் டீச்சரம்மா கேட்டாங்க, "அடுத்த வசனமெல்லாம் படிச்சியாடா, பதில் ராஜாவுக்கா வந்துச்சு?" போய் பாத்தா, இல்ல! சபை நடுவுல நின்ன யகாசியேல்ங்கிற லேவியனுக்கு, அதாவது ஆலயத்துல வேலை செய்யுற கோத்திரத்து ஆளுக்கு, வந்திருக்கு, ராஜா முகங்குப்புற விழுந்து அதை ஏத்துக்கிறாரு. அவரு தெரியலன்னு சொன்னதாலதான் அவன் வாயைத் தொறக்க எடம் கெடச்சிருக்கு. யுத்தம் தேவனுடையதுன்னு சொன்ன அதே வாய் "நாளைக்குப் போங்க"ன்னும் சொல்லுது, கர்த்தரை நம்புறதுன்னா வீட்டுல குந்திக்கிட்டு இருக்கிறது இல்லபோல. (அதே அதிகாரம் முடியறப்ப யோசபாத் போய் இஸ்ரவேல் ராஜா அகசியாவோட கூட்டு சேந்து கப்பல் விட்டு, அது உடைஞ்சும் போச்சு, அது தனிக் கதை.)

அந்த பாப்பாவுக்கும் டீச்சரம்மாவுக்கும் மொதல் நன்றி. விடியக்காலையில ஷட்டரை தொறந்து நைட்டி பாவாடை எல்லாம் கடனா அள்ளிக் குடுத்த ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு, சின்ன யானையை டீசல் காசுகூட வாங்காம ஓட்டுன முதுநகர் பாய்க்கு, ஃபைபர் போட்டோட வந்த தேவனாம்பட்டினம் அண்ணன்மாருக்கு, ஊசிப்போன சோத்தைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்காத பாஸ்டர் ஐயாவுக்கு, எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி.

அப்புறம் ஒண்ணு, கஞ்சி காய்ச்ச யாரோ குடுத்த பெரிய அலுமினிய அண்டா இன்னும் இங்கதான் இருக்கு, விளிம்புல ஜெ.ரா.ன்னு பேரு வெட்டியிருக்கு, வெளக்கி சர்ச் வராண்டாவுல கவுத்து வெச்சிருக்கோம், உங்களோடதுன்னா வந்து எடுத்துக்கங்க.