மாலை வகுப்பில் கற்றது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிகப் பள்ளிகள் வேலை வாங்கித் தரும் தரகுக் கடைகளாகிவிட்டன என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 11 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்துவிட்டு, 34 வயதில் மாநகரத்து வணிகப் பள்ளி ஒன்றில் மாலை நேர எம்பிஏ படித்தவள் நான். வேலைக்காகப் படிப்பது ஏதோ இழுக்கு என்பதுபோல் கட்டுரையாளர் எழுதியிருப்பது மனத்தை வருத்தியது.

இந்தப் படிப்பு பிறந்ததே வேலைத் தேவையில்தான். கணக்காளர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 1896-இல் இயற்றியது. தேர்வெழுத ஆட்கள் வேண்டும், அவர்களுக்குச் சொல்லித்தர இடம் வேண்டும். 1900-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வணிகப் பள்ளி தொடங்கியதற்குப் பின்னால் நின்றவர்கள் கணக்காளர்கள்தாம். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக அங்கே மாலையில் வகுப்பு நடந்தது. நானும் அந்த வழியில் வந்தவள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

முதல் வாரம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லாபம் காட்டும் ஒரு நிறுவனத்தின் கணக்கைக் கையில் கொடுத்து, "இவர்களிடம் சம்பளம் போடப் பணமில்லை. ஏன்?" என்று கேட்டார் பேராசிரியர். எனக்கு உடனே பிடிபட்டது. சரக்கை 90 நாள் கடனுக்கு விற்றிருந்தார்கள். வாங்கிய சரக்குக்கோ 30 நாளில் பணம் கட்ட வேண்டும். எழுந்து சொன்னேன். "சரி, நாளைக் காலையில் முதல் போன் யாருக்கு?" என்றார். வாயடைத்து நின்றேன். அத்தனை ஆண்டுகளில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பக்கத்தில் இருந்தவர் வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. தவணை தவறிய பிறகு வருகிறவரைவிட, தவறும் முன்பே வந்து பேசுகிறவரை வங்கி எப்படி நடத்தும் என்று விளக்கினார். மருத்துவமனை ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருந்த பெண், சரக்கு கொடுத்தவரிடம்தான் முதலில் பேச வேண்டும் என்று அடித்துச் சொன்னார். இரண்டு பேரும் அலுவலகத்திலிருந்து நேராக வகுப்புக்கு வந்தவர்கள். மாநகரத்தில் பள்ளி இருப்பதன் பயன் இதுதான். கட்டடமும் முகவரியும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வேலைவாய்ப்புப் பிரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தன்விவரக் குறிப்பில் 'கணக்குகளைப் பராமரித்தேன்' என்று எழுதியிருந்தேன். அங்கிருந்த அம்மையார் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து, "உங்களால் என்ன மாறியது?" என்று கேட்டார். நெடுநேரம் யோசித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது: மாதக் கணக்கை முடிக்க 12 நாள் ஆகிக்கொண்டிருந்ததை 5 நாளாகக் குறைத்தவள் நான். அதை நானே ஒரு வேலையாக எண்ணியிருக்கவில்லை. மாதிரி நேர்காணலைப் பதிவு செய்து போட்டுக் காட்டியபோது, என் ஒவ்வொரு பதிலும் 'நாங்கள்' என்றே தொடங்குவதைக் கேட்டேன். இன்று நான் ஒரு பிரிவின் மேலாளர். இதைத் தரகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. நிறுவனங்கள் ஆள் தேடி வரும் நாள்களெல்லாம் வார நாள் பிற்பகலிலேயே நடந்தன. மாலை மாணவர்கள் விடுப்பு எடுத்தால்தான் உண்டு. கட்டணம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

விளம்பரங்களில் வரும் சராசரிச் சம்பளத்தைப் பற்றிக் கட்டுரையாளர் கோபப்படுவது முற்றிலும் சரி. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒரே சம்பளம், ஒருவருக்கு மட்டும் அதைப்போல் பத்து மடங்கு என்றால், சராசரி ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். அந்தத் தொகை பத்துப் பேரில் யாருடைய கைக்கும் வருவதில்லை. எல்லாச் சம்பளத்தையும் வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பது எது என்று கேட்க வேண்டும். வேலை தேடியவர்கள் எத்தனை பேர், படிப்பு முடிந்து மூன்று மாதத்தில் வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர், மாலை மாணவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தியா என்றும் கேட்க வேண்டும்.

தங்கள் கல்விச் சிறப்பிதழில் வணிகப் பள்ளிகளின் விளம்பரம் பக்கம் பக்கமாக வருகிறது. அடுத்த இதழில் இந்தக் கேள்விகளை அவற்றிடம் கேட்டு, கிடைக்கும் பதில்களை அப்படியே அச்சிடுங்கள். பதில் தராத பள்ளியின் பெயருக்கு எதிரே இடத்தைக் காலியாக விடுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பில் படித்த ஒரு வாசகி