ரோலர் வரும் நாளைச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினால் சேலத்து மைதானங்களில் பொக்லைன் இறங்கிவிடும். தரையைச் சமன்செய்து, ரோலர் ஓட்டி, போட்டிகளுக்குத் தயாராக்கும் அவசரம். ஆள்காட்டிக் குருவி அதே தரையில் முட்டையிடுவதும் அந்த மாதங்களில்தான்.

போன ஏப்ரலில் எங்கள் பகுதி மைதானத்தில், எல்லைக்கோட்டுக்கு ஆறேழு அடி உள்ளே நான்கு முட்டைகளைப் பார்த்தோம். கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுக் குளம்பு பதிந்தது போல ஒரு குழி, சுற்றிலும் பொடிக்கற்கள். மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு கிடந்த முட்டைகள் பக்கத்தில் போய் நின்றாலும் சட்டென்று கண்ணில் படவில்லை. உச்சி வெயிலில் ஒரு பறவை முட்டைகளுக்கு மேல் நின்றபடியே நிழல் கொடுத்தது. இன்னொன்று குழாயடியில் தேங்கிய நீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து அந்த ஈரத்தோடு உட்கார்ந்தது. முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக மைதானத்திலேயே நின்றவன் நான். இதை ஒருநாளும் கவனித்ததில்லை.

அங்கே ஆடும் பையன்கள் யாரும் சொல்லாமலே நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டினார்கள். பந்து கயிற்றுக்குள் போனால் இரண்டு ரன், எடுக்க ஒருவன்தான் போக வேண்டும் என்று விதியும் வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் ஆட்டமும் நடந்தது, அடைகாப்பும் நடந்தது. ஒரு சனிக்கிழமை உள்ளூர்ப் போட்டிக்காக ரோலர் வந்தது. மாலையில் போனபோது கயிறு சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பறவைகளும் அந்த இடத்துக்கு மேலேயே கத்திக்கொண்டு சுற்றின. "இன்னும் ஒரு வாரம்தானே சார் இருந்தது?" என்று கேட்டான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் கணக்கு சரி. குஞ்சு பொரிக்க ஏறக்குறைய 28 நாள்தான்.

ரோலர் ஓட்டியவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. வேலை கொடுத்தவர்கள் மீதுதான் கோபம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை'க்குத் தரும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும்.

அதற்காக மைதானத்தைப் பூட்டச் சொல்கிறவர்களோடும் நான் உடன்படமாட்டேன். வீடுகள் நெருக்கிய இந்த ஊரில் பிள்ளைகளுக்கு மிஞ்சியிருப்பது இந்த வெட்டவெளிதான். நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பந்து வீசிப் பழகிய நடராஜன், 2020 டிசம்பரில் இந்திய அணிக்காக ஆடினார். அவரைப் போன்ற பிள்ளைகளுக்கு வேண்டியதும் பொட்டல்தான், ஆள்காட்டிக்கு வேண்டியதும் பொட்டல்தான். அதில் கடை கட்டி, சிமெண்ட் கல் பதித்தால் இருவருக்குமே இடமில்லாமல் போகிறது.

சமன்செய்யும் வேலையைப் பிப்ரவரிக்குள் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு ரோலர் ஓட்டியே ஆக வேண்டுமென்றால், முதலில் ஒருவர் தரை முழுக்க நடந்து பார்க்கட்டும். பறவை கத்திக்கொண்டே தலைக்கு மேல் பாய்ந்தால் முட்டை பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். கயிற்றைப் பத்தடி தள்ளிக் கட்ட வேண்டும். ஆசைப்பட்டு அடிக்கடி எட்டிப் பார்த்தால் காக்கைக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும். பொரித்த ஓரிரு நாளில் குஞ்சுகள் தாயோடு நடந்து போய்விடும். மைதானத்தின் ஓரத்தில் நாலடி அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விட்டால் அதற்குள் பதுங்கிக்கொள்ளும்.

மூக்கனேரியை 2010-இல் ஊர்க்காரர்கள் முன்னின்று சீரமைத்தபோது, தோண்டிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். அந்த மரங்களில் இன்று பறவைகள் அடைகின்றன. அத்தனை உழைப்பு இங்கே தேவையில்லை.

இந்த ஆண்டும் அதே மூலையில் ஒரு ஜோடி சுற்றிக்கொண்டிருக்கிறது. பையன்கள் குச்சிகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். மைதானப் பொறுப்பில் இருப்பவர்கள் ரோலர் வரும் நாளை முன்கூட்டியே எங்களிடம் சொல்ல வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
சேலம்.