பின்கட்டை இடிக்கும் முன்

அன்புள்ள சேகர்,

தாத்தா வீட்டுப் பின்கட்டை இடித்துவிட்டு கான்கிரீட் போடலாமா என்று கேட்டிருந்தாய். பதில் எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன், ஓடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கில்ஃபர்ட் என்ற ஊருக்குக் கூட்டிப்போனாள். அங்கே பார்த்த ஒரு கல் வீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்திலிருந்து குடியேறிய கூட்டத்தார், தங்கள் பாதிரியார் ஹென்றி விட்ஃபீல்டுக்காக 1639-ல் கட்டிய வீடு அது. நம் மெட்ராஸுக்கு கும்பெனிக்காரர்கள் நாயக்கரிடம் இடம் எழுதி வாங்கியதும் அதே வருஷம் ஆகஸ்டில்தான்! அடுத்த மாதமே கில்ஃபர்டில் குடியேறியவர்கள் ஷாம்பிஷு என்ற பூர்வகுடித் தலைவியிடம் கோட்டு, கோடரி, மண்வெட்டி, கண்ணாடி, கரண்டி என்று சாமான்கள் கொடுத்து நிலம் வாங்கியிருக்கிறார்கள். சுவருக்குக் கல் சுமந்ததும் அந்த மக்கள்தான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வீட்டுக்கு நிலைத்தது விட்ஃபீல்டின் பெயர், அவரோ 1650-லேயே இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய்விட்டார். சுமந்தவர்களில் ஒருவர் பெயராவது தெரிந்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

சுவர் நல்ல கனம். ஊருக்கு ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ளும் கோட்டையும் இதுதான், வழிபாட்டுக்குக் கூடிய இடமும் இதுதான். சாந்தில் மஞ்சள் களிமண்ணும் சிப்பியோட்டுத் தூளும் கலந்தார்களாம். கேட்டதும் உன் தாத்தா வீட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்புச் சுவர் ஞாபகம் வந்தது, சித்திரை வெயிலில் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கிடப்போமே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நியூ இங்கிலாந்து என்கிற அமெரிக்க வடகிழக்குப் பகுதியிலேயே மிகப் பழைய கல் வீடு என்று பெயர், ஆனால் இன்று கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி 1639-ஐச் சேர்ந்ததில்லை. 1868-ல் அப்போதைய சொந்தக்காரர்கள் ஏகத்துக்கும் மாற்றிக் கட்டிவிட்டார்கள். 1900-ஐ ஒட்டி மாநில அரசு வாங்கியதும் நார்மன் ஐஷம் என்ற கட்டடக் கலைஞர் மாடித் தளத்தை எடுத்துவிட்டு உயரமான ஒரே கூடமாக்கினார். 1930-களில் ஃப்ரெடரிக் கெல்லி வந்து, கிடைத்த தடயங்களை வைத்து மாடியைத் திரும்பப் போட்டார். யார் எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அதனால் பின்கட்டை அப்படியே வைத்திரு என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு வழுக்காத குளியலறை வேண்டும், செய். ஆனால் முன்சுவரில் சிமெண்ட் பூச மட்டும் விடாதே, சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும், சுண்ணாம்புச் சாந்தே பூசச் சொல். அப்புறம், கொத்தனார் கை வைக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடு, அறை அறையாக அளந்து ஒரு நோட்டில் எழுது, யார் எப்போது எதைக் கட்டியது என்று பெரியத்தையிடம் கேட்டு அதையும் எழுது. அவருக்கு எண்பத்தாறு ஆகிறது.

அந்த அடுப்படி மாடத்தை எனக்குத் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்பு. தை மாதம் ஊருக்கு வருகிறேன், அதுவரை வேலையை ஆரம்பிக்காமல் இருந்தால் நானும் கூட நின்று அளக்கிறேன்.

அன்புடன்,
முரளி