முழு நாடகம் ஒன்றை நடத்தாதவருக்குப் பட்டம் கொடுக்காதீர்கள்

மேடை மேலாண்மை இளங்கலைப் படிப்புக்கான பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

நாடகத் துறையினரிடம் கருத்துக் கேட்டு நீங்கள் அனுப்பிய வரைவு எனக்கு நேராக வரவில்லை. ஒரு வாட்ஸப் குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, நாலாம் கையாக வந்தது. ஏழு நாளில் பதில் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கைக்கு வந்தது ஐந்தாம் நாள். அதனால் என்ன, கியூ, அதாவது விளக்குக்கும் ஒலிக்கும் நடிகருக்கும் நாங்கள் கொடுக்கும் சைகை, தப்பி வருவதைச் சமாளிப்பதுதானே எங்கள் தொழில்.

முதலில் நன்றி. இப்படி ஒரு பட்டம் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே பெரிது. இருபது வருடத்துக்கு மேலாக மேடை நிர்வாகம் பார்க்கிறேன். சபா நாடகம், நவீன நாடகம், பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாவற்றிலும் விங்கில், அதாவது சபைக்குத் தெரியாத மேடையின் பக்க மறைவில், நின்றிருக்கிறேன். அரங்கத்துக்குள் போனதும் காவலாளி என்னைப் பார்த்து, "மேனேஜர் சார் எங்கம்மா?" என்று கேட்பார். இதுவரை கேட்காதவர் இரண்டே பேர். அந்தக் கேள்வியாவது இந்தப் பட்டத்தால் ஒழியும் என்று சந்தோஷப்பட்டுத்தான் வரைவைத் திறந்தேன்.

மூன்று ஆண்டு, ஆறு பருவம், 38 தாள்கள். செய்முறை என்று இருப்பவை இரண்டு. அதில் ஒன்று 'களப்பார்வை': மாணவர் ஓர் அரங்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இருபது பக்க அறிக்கை எழுத வேண்டும். இன்னொன்று 'மாதிரி நிகழ்ச்சி', வகுப்பறையிலேயே நடத்திக் கொள்ளலாம். ஆக, மூன்று வருடத்தில் ஒரு மாணவர் ஒரே ஒரு நாடகத்துக்குக்கூடப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதினால் நீச்சல் சான்றிதழ் தருவார்களா?

என் கோரிக்கை ஒன்றுதான். முதல் ஒத்திகையிலிருந்து கடைசி நாள் செட்டைப் பிரித்து லாரியில் ஏற்றும்வரை, ஒரு முழு நாடகத்தை மாணவர் தம் பொறுப்பில் நடத்த வேண்டும். அதைச் செய்யாதவருக்குப் பட்டம் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன், ஒரு மாவட்டத் தலைநகரில், ஒரு கல்லூரி அரங்கம். கல்லூரிகளுக்கு இடையிலான நாடக விழா. எங்கள் நாடகத்தில் மேடைக்கு நடுவே மூன்றடி உயரத்தில் ஒரு தளம். மூன்றாம் காட்சி முடிந்ததும் பத்து விநாடி பிளாக் அவுட். இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு பெண் அந்த இருட்டில் தளத்தின் மேலேயே நடந்து மறுமுனைக்குப் போய் உட்கார வேண்டும். தளத்தின் விளிம்பு தெரிவதற்காக மத்தியானம் இரண்டு மணிக்கு நானே முட்டி போட்டு ரேடியம் டேப் ஒட்டினேன். அவளை ஆறு தடவை நடக்க வைத்தேன். அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துத்தான் நடந்தாள்.

ஆறு மணிக்கு அதே மேடையில் பாராட்டு விழா. சிறப்பு விருந்தினர் வருகிறார், புகைப்படத்தில் டேப் அசிங்கமாகத் தெரியும் என்று அரங்கப் பொறுப்பாளர் ஆளை விட்டு உரித்துப் போட்டிருக்கிறார். தளத்தின் மேல் ஒரு சிவப்புக் கம்பளமும் விரித்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லவில்லை. விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினார். அவர் இறங்கியபோது நாடகம் தொடங்க எட்டு நிமிடம் இருந்தது. கம்பளத்தைச் சுருட்டி, நாற்காலிகளை அகற்றி, நடிகர்கள் கையில் எடுக்கும் பொருட்களை வைக்கும் சாமான் மேஜையைச் சரிபார்த்து, நாடகம் தொடங்குவதற்கான மூன்றாம் மணியை அடித்துவிட்டேன். விளிம்பைப் பார்க்கவில்லை. அது என் தப்பு. யாரும் கேட்கவில்லை என்றாலும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இருட்டுக்கு 'கோ' சொன்னது நான். நான்கு அடி எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாவது அடி கேட்கவில்லை.

அவள் கத்தவில்லை. விளக்கு வந்தபோது எப்படியோ ஏறி உட்கார்ந்திருந்தாள், இடது கையை மார்போடு அணைத்தபடி. மீதிப் பதினோரு நிமிடமும் அப்படியே வசனம் பேசி நடித்தாள். சபையில் கைதட்டல். அந்தக் கையை அவள் வைத்திருந்த விதத்தை ஒரு நடுவர் தனியாகப் பாராட்டினார். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு.

அந்தப் பதினோரு நிமிடமும் நான் இடது விங்கில் நின்று அடுத்தடுத்த கியூவைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருக்க வேண்டும். முன்திரையை இறக்கு என்று சொல்ல ஒரு விநாடி போதும். ஆனால் நாடகத்தை நிறுத்தும் உரிமை மேடை நிர்வாகிக்கு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லியிருந்தாலும் என் வாய் பழகியிருக்கவில்லை. புத்தகத்தில் படித்தால் வருகிற சொல் இல்லை அது. வாய் வறண்டு நிற்கும்போது தானாக வெளியே வர வேண்டும். கல்லூரியின் அறிக்கையில் காரணம் ஒரே வரி: 'மாணவியின் கவனக்குறைவு.'

உங்கள் வரைவில் மேடைப் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஐந்தாம் பருவத்தில், 'மனிதவள மேலாண்மை' தாளின் நாலாம் அலகில், 'தீத்தடுப்பு முதலியன' என்று இருக்கிறது. அந்த 'முதலியன'வுக்குள்தான் அந்தப் பெண்ணின் மணிக்கட்டு வருகிறது போலும்.

தீ என்றே வைத்துக்கொள்வோம். 1903 டிசம்பரில் சிகாகோவின் இரோகுவாய் தியேட்டரில் ஒரு வில் விளக்கின் பொறி திரையில் பற்றியது. தீத்தடுப்புத் திரையை இறக்கினார்கள், பாதியில் சிக்கி நின்றுவிட்டது. கதவுகள் பல திறக்கவில்லை. அறுநூறு பேர் அளவில் இறந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் தீப்பற்றியது கூரைப் பந்தல். மணமகனும் இறந்தவர்களில் ஒருவர். மேடைக்கு மேல் தொங்கவிடும் பார் விளக்கு ஒன்று பெரும்பாலும் 1000 வாட். 15 ஆம்பியர் பிளக் ஒன்றில் மூன்றுக்கு மேல் மாட்டக் கூடாது. நம் ஊர் அரங்குகளில் ஆறு மாட்டிவிட்டு, ஒயர் சூடாகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கிறோம். இந்தக் கணக்கு உங்கள் 38 தாளில் எதிலும் இல்லை. 'மேலாண்மைக் கணக்கியல்' இருக்கிறது.

மூன்றாம் பருவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'விழா மேடை ஒருங்கிணைப்பு' என்று ஒரு தாள். வரவேற்புரை, நன்றியுரை வரிசை, இருக்கை முறைமை, பொன்னாடை, நினைவுப் பரிசு வழங்கும் ஒழுங்கு. ஐந்து அலகு. பொன்னாடைக்கு ஓர் அலகு ஒதுக்கிய குழு, கயிறு கட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை. தலைக்கு மேல் தொங்குகிற விளக்கு அந்த முடிச்சில்தான் தொங்குகிறது. நம் ஊரில் மேடை என்றாலே நாற்காலி வரிசையும் மைக்கும்தான் என்பது எனக்கும் தெரியும். அந்த மேடைதான் என் டேப்பை உரித்தது. குத்துவிளக்கு ஏற்ற மெழுகுவத்தியை யார் நீட்டுவது என்பதற்குப் பட்டப் படிப்பு தேவையில்லை, அதற்கு ஊருக்கு நாலு அண்ணாச்சிகள் இருக்கிறார்கள்.

முதல் பருவத்தில் சிலப்பதிகாரம் வைத்திருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் மனப்பாடப் பகுதியாக வைத்திருக்கிறீர்கள். அரங்கேற்று காதை சொல்லும் மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்பது இருபத்து நான்கு பெருவிரல் அளவு. போகவும் வரவும் இரண்டு வாயில். மூன்று வகை எழினி, அதாவது திரை. தூணின் நிழல் ஆடுகிறவர் மேல் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. அந்தக் கடைசிச் சங்கதியைப் படித்துவிட்டு மாணவரை ஏணியில் ஏற்றி, நிழல் எங்கே விழுகிறது பார் என்று சொல்லுங்கள். இளங்கோவடிகள் கோபிக்க மாட்டார்.

நான் கேட்பது புதுமையும் இல்லை. லண்டனில் ராடா என்ற நாடகப் பள்ளியில் மேடை நிர்வாகத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் பட்டப் படிப்பே இருக்கிறது. நடிப்பு மாணவர்கள் போடும் நாடகங்களில் பின்னால் நிற்பவர்கள் இந்த மாணவர்கள். அந்த ஊரில் தொடங்குவதற்கு 35 நிமிடம் முன்னால் மேடை நிர்வாகி 'ஹாஃப்' என்று அறிவிப்பார். அரைமணி என்று பெயர், ஐந்து நிமிடம் கூடுதல்! காரணம், தொடக்கக் காட்சி நடிகர்களை ஐந்து நிமிடம் முன்பே மேடைக்கு அழைத்துவிடுவார்கள். நமக்கு, தொடங்குமுன் அடிக்கும் மூன்று மணிகள் இருக்கின்றன. முதல் மணி எப்போது, இரண்டாம் மணிக்கு யார் எங்கே நிற்க வேண்டும், மூன்றாம் மணி அடித்த பிறகு யாரை மேடையில் விடக் கூடாது என்பதெல்லாம் எங்களுக்குள் வாய்மொழியாக இருக்கிறது. அதை எழுதி வைக்கும் முதல் கல்லூரியாக உங்கள் கல்லூரி இருக்கலாமே?

அடுத்து, கற்பிப்பவர். வரைவில் உதவிப் பேராசிரியருக்கு முதுகலை, நெட் அல்லது முனைவர் பட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். எந்தத் துறையில் என்றால், 'மேலாண்மை அல்லது அதனோடு தொடர்புடையது.' நாடகம் அந்தத் தொடர்பில் வருமா என்பது தெளிவாக இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-லேயே 'ப்ரொபசர் ஆஃப் ப்ராக்டிஸ்' என்று ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது. தொழிலில் பதினைந்து வருட அனுபவம் இருந்தால் பட்டம் கட்டாயமில்லை. மொத்தப் பணியிடத்தில் பத்து விழுக்காடுவரை அப்படி நியமிக்கலாம். விதி இடம் கொடுத்தும் நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

யாரைக் கூப்பிடுவது என்கிறீர்களா? கூத்து வாத்தியார் ஒருவரைக் கூப்பிடுங்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை, கையில் ஒரு தாள் இல்லாமல், யார் எப்போது திரைக்குப் பின்னால் வர வேண்டும் என்பதை நடத்துகிறவர். கூத்துப் பெட்டியில் கிரீடம் எங்கே, புஜக்கட்டை எங்கே என்று இருட்டில் கைவிட்டு எடுக்கத் தெரிந்தவர். ஆர்.எஸ்.மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் மேடைத் தந்திரங்களைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்களை யாரும் பேசவில்லை. அந்த வழியில் வந்தவர்கள் செட் குடோன்களில் இன்னும் படுதாவுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். புதுச்சேரியிலும் தஞ்சாவூரிலும் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்து வெளியே வந்தவர்களையும் கேளுங்கள். எதைப் படித்தது பயன்பட்டது, எதை மேடையில் அடிபட்டுக் கற்றார்கள் என்று சொல்வார்கள்.

முழு நாடகம் என்றால் செலவாகும் என்பீர்கள். ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கல்லூரியில் வருடா வருடம் நாடக விழா நடக்கிறது, அரங்கம் இருக்கிறது, தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் நாடகம் போடுகின்றன. அதற்கெல்லாம் இந்த மாணவர்களைப் பொறுப்பாக்குங்கள். ஒத்திகைக்கு முதலில் வந்து கடைசியில் போகட்டும். யார் எந்த வசனத்தில் எங்கே நகர்கிறார்கள் என்று பென்சிலால் பிரதியில் குறிக்கட்டும். பென்சில்தான், இயக்குநர் மறுநாள் மாற்றிவிடுவார். சாமான் மேஜையில் வெள்ளைத் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் சுற்றிக் கோடு போட்டு, கத்தி இருக்க வேண்டிய கோட்டுக்குள் கத்தி இல்லையென்றால் மணி அடிக்காமல் இருக்கட்டும். பிரதம விருந்தினரே வந்தாலும் அடிக்காமல் இருக்கட்டும். நாடகம் முடிந்த இரவே என்ன தவறியது என்று அறிக்கை எழுதட்டும். 'கவனக்குறைவு' என்ற சொல்லை அந்த அறிக்கையில் தடை செய்துவிடலாம். பி.வோக் என்ற தொழிற்கல்விப் பட்டப் படிப்புகளுக்குத் திறன் பயிற்சி 60 விழுக்காடு, பொதுப்பாடம் 40 விழுக்காடு என்று மானியக் குழுவே பங்கு பிரித்துத் தந்திருக்கிறது. அதில் பாதியைக்கூடவா நம்மால் எட்ட முடியாது?

மறுபடியும் சொல்கிறேன், முழு நாடகம் ஒன்றை நடத்தாதவருக்குப் பட்டம் கொடுக்காதீர்கள். மற்ற 36 தாளை நீங்கள் எப்படி வைத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். பொன்னாடை உட்பட.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். குழுவில் உள்ளவர்கள் நல்லெண்ணத்தோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இறுதி முடிவுக்கு முன் உங்களில் இரண்டு பேராவது ஒரு நாடகத்தை விங்கில் நின்று பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் எங்கள் நாடகம் இருக்கிறது, இடம் ஒதுக்கித் தருவது என் பொறுப்பு. சத்தம் போடாத செருப்பு போட்டு வாருங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். கறுப்புச் சட்டையாக இருந்தால் நல்லது. கட்சிக்காகக் கேட்கவில்லை, விங்கிலிருந்து வெள்ளை தெரிந்தால் சபை அங்கேதான் பார்க்கும். நிற்க வேண்டிய இடத்தில் ரேடியம் டேப் ஒட்டி வைக்கிறேன். பிளாக் அவுட்டில் அதைத் தாண்டாதீர்கள்.

இப்படிக்கு,
இடது விங்கிலிருந்து ஒரு மேடை நிர்வாகி