பெட்டி வந்தது, பாடவேளை வரவில்லை

அன்புள்ள குமரேசா,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நீ திட்டுவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். தங்கராசு இன்னமும் மிக்சரை உன் கணக்கில்தான் எழுதச் சொல்கிறான்.

சரி, விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கு ரோபோ பெட்டி வந்திருக்கிறது. ரோபோவுக்கு மூளையாக இருக்கும் ஆர்டுயினோ என்ற குட்டி கணினி போர்டு, சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார், தூரம் அளக்கும் சென்சார், கலர் கலராய் வயர். பிரித்த அன்று ஒன்பதாம் வகுப்பே மேசையை மொய்த்தது. சென்சார் முன்னால் கையை நீட்டினால் மோட்டார் திரும்ப வேண்டும், அசையவே இல்லை. நான் புரோகிராமைத் துழாவிக்கொண்டிருக்க, கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி வந்து, "பேட்டரி மைனஸும் போர்டின் மைனஸான கிரவுண்டும் சேரவே இல்லையே சார்" என்று ஒரு வயரைச் செருகினாள். திரும்பியது! கணக்கில் அவள் வாங்கும் மார்க்கைச் சொன்னால் நம்ப மாட்டாய்.

காலாண்டுத் தேர்வு நெருங்கியதும் பெட்டி பீரோவுக்குள் போய்விட்டது. சாவி யாரிடம் இருப்பது என்பதில் ஒரு மனத்தாங்கல் வேறு. கூட்டத்துக்குப் போனால் தேர்ச்சி விகிதம் கேட்கிறார்கள், ரோபோ ஓடியதா என்று யார் கேட்கிறார்கள்? மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. சில நூறு ரூபாய்கூட ஆகாது, ஆனால் எந்தக் கணக்கில் வாங்குவது?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல், கணித மன்றத்தால் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் சோதனைகளைக் கையால் செய்து பார்க்கிறார்கள். பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பழகும் அடல் டிங்கரிங் லேபுக்குத் தேர்வான பள்ளிக்கு மத்திய அரசு 20 லட்சம் வரை தருகிறது. 2025 பட்ஜெட்டில், ஐந்தாண்டில் அரசுப் பள்ளிகளில் 50,000 லேப் என்றும் அறிவித்தார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது கேரளா செய்ததுதான். 2018-இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றங்களைத் தொடங்கியவர்கள், 2025-26-இல் ரோபோட்டிக்ஸைப் பத்தாம் வகுப்பு ஐசிடி, அதாவது கணினித் தொழில்நுட்பப் பாடப் புத்தகத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். அந்த மன்றம் என்றால் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்த பிள்ளைகள்தான். புத்தகத்தில் இருந்தால் கடைசி பெஞ்சுக்கும் வந்தே தீரும். அந்தப் பெண்ணை எந்த மன்றத்துக்கு யார் பெயர் கொடுத்திருப்பார்கள், சொல்?

"முதலில் தமிழைப் பிழையில்லாமல் வாசிக்கட்டும், அப்புறம் ரோபோ" என்பாய். உன் மகனைக் கோடிங் வகுப்பில் சேர்த்தபோது இந்த நியாயம் எங்கே போயிருந்தது? அவன் மட்டும் என்ன, சங்க இலக்கியத்தை முடித்துவிட்டா போனான்? கோபித்துக்கொள்ளாதே. காசு கட்ட முடிந்த வீட்டுக்குத்தான் இது என்றால் அரசுப் பள்ளி எதற்கு என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வாரத்துக்கு ஒரு பாடவேளை, உதிரிப்பாகம் வாங்கப் பள்ளியின் கையில் கொஞ்சம் பணம், ஒருநாள் கூத்தாக முடியாத ஆசிரியர் பயிற்சி. இந்த மூன்றையும் அரசாணையிலேயே எழுதிவிடுங்கள் என்று ஒரு மனு எழுதியிருக்கிறேன், இத்துடன் வருகிறது. பாடத்திட்ட ஆட்களைத் தெரியும் என்று அளப்பாயே, அவர்களிடம் சேர்த்துவிடு. சந்திப்பிழை வேட்டையை மட்டும் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்.

அன்புடன்,
ராமு