தங்கைக்குத் தோல் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

சமையலறைத் தீயில் பாதி உடம்பு வெந்துபோன என் தங்கை, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டாள்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. இட்லி மாவைப் பூசு, இங்க் ஊற்று என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்ன கூட்டத்தை அதட்டி விரட்டிவிட்டு, 108 வரும்வரை குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்தது, பெயர் தெரியாத ஒரு குடும்பத்துக்கு. ஆழமாக வெந்த தோல் தானாக வளராது. அதைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சொந்தத் தோலை வைத்து ஒட்ட வேண்டும். பாதி உடம்பே வெந்தவளிடம் அவ்வளவு தோலுக்கு எங்கே போவது? திறந்து கிடந்தால் நீர் கசியும், கிருமி புகும். சொந்தத் தோல் எடுத்து ஒட்டும்வரை அவளை மூடிவைத்தது, இறந்த ஒருவரின் தோல். உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகிலிருந்து மெல்லிய மேலடுக்கை மட்டும் எடுத்துக் கிளிசராலில் பதப்படுத்தி வைக்கிறார்கள். இரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. சில வாரங்களில் உடல் அதைத் தள்ளிவிடும். எங்களுக்கு அந்தச் சில வாரங்கள்தான் தேவைப்பட்டன. உடலைச் சீக்கிரம் எடுங்கள் என்று சுற்றம் நெருக்கும் நேரத்தில், யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். யாரென்று கேட்டோம், சொல்லக் கூடாதாம்.

பிறகு அறுவை மருத்துவர்கள் அவள் தொடையில் காகிதம்போல் தோலைச் சீவி, இயந்திரத்தில் கொடுத்து வலையாக்கி, இழுத்துப் பரப்பி ஒட்டினார்கள். வலைக்கண்கள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. சீவிய இடம் இரண்டு வாரத்தில் ஆறியதும் அங்கேயே மறுபடியும் எடுத்தார்கள். தீப்புண்ணைவிடத் தொடைதான் எரிகிறது என்று அழுவாள்.

டிரெஸ்ஸிங் சிஸ்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புநீர் விட்டுவிட்டு ஊறவைத்து, தோலோடு வந்துவிடாமல் துணியை ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாக உரித்தார். "தோல் ஒட்டிக்கொண்டதம்மா" என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மா வாயில் சோறு இறங்கியது.

விபத்தா, வேறு ஏதாவதா என்று வார்டு வாசலில் துப்பறிந்த உறவினர்களுக்கு இதில் பங்கில்லை.

தழும்பு தடிக்காமலிருக்க இறுக்கமான அழுத்த உடை தைத்துத் தரும் அண்ணனுக்கும் நன்றி. குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும் அதைப் போட வேண்டும்; சென்னை வெயிலில் அது தனித் தண்டனை. கழுத்துப் பக்கம் இன்னும் உரசுகிறது. செவ்வாய்க்கிழமை அளவெடுக்க வருகிறோம்.

அன்புடன்,
அவள் அண்ணன்